சிவப்பு வண்டியின் வெயில் பக்கம்

எங்கள் பட்டறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கோட்டு என்றால்தான் தெரியும். ஒரு வண்டிக்குப் பெயிண்ட் அடித்து முடித்ததும் நாலடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு கோட்டு போகணும்" என்பார். போதும், நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலாளி சொன்னால், "உங்க கண்ணுக்கு இருக்கும்" என்று பதில் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாக வருகிறவர்களைக் கோட்டு அண்ணனைப் பாருங்கள் என்று அனுப்பினால், கோட்டுப் போட்ட ஆளைத் தேடிப் பட்டறையை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வருவார்கள். அவரோ ஏழெட்டு நிறம் தெறித்த பனியனோடு ஏதாவது ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்.

நான் அங்கே ஒடுக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அவர் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். நான் தட்டி நிமிர்த்துவதை அவர் தேய்த்துப் பூசுவார்; அதனால் நாள் முழுக்க எங்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நான் கவனிக்காமல் விட்ட பள்ளத்தை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து, "இங்க ஒரு ஏரி வெட்டி வச்சிருக்கியே, மீன் வளக்கவா?" என்பார். அவரிடம் ஒரே ஒரு விநோதம் உண்டு. வண்டி ஓட்டமாட்டார். பெயிண்ட் அறைக்குள் வண்டியை யாராவது கொண்டுபோய் நிறுத்தித் தரவேண்டும். வேலை முடிந்ததும் யாராவது வெளியே எடுக்கவேண்டும். லைசென்ஸ் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெயிண்ட் அலமாரியின் சாவி அவரிடம் இருந்ததால் முதலாளி என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார். ஒரே சுற்றுச்சுவருக்குள் முன்வீடு, பின்வீடு என்று இரண்டு சின்ன வீடுகள். நடுவில் சிமென்ட் பூசிய முற்றம். முற்றத்தின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஒரு பழைய கார் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கவேண்டும். கூரையும் பானெட்டும் சுண்ணாம்பு கலந்த ரோஜா நிறத்துக்கு வெளுத்து, அங்கங்கே வெண்திட்டு படர்ந்து கிடந்தன. சும்மா கை வைத்துப் பார்த்தேன். விரலில் சிவப்பு மாவு ஒட்டியது. சுவரை ஒட்டியிருந்த பக்கத்தில் மட்டும் பழைய நிறம் தப்பித்திருந்தது. டயர் நான்கும் காற்றிறங்கித் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன.

மூன்று நாள் கழித்து அவர் வேலைக்கு வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்னண்ணே, ஊர் வண்டிக்கெல்லாம் மேக்கப் போட்டு அனுப்புறீங்க. சொந்த வண்டிய இப்படி வெயில்ல வேக விட்டுட்டீங்களே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். சுத்தியல் சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்த்து, "ஆமாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். "உனக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்.

அதற்கு ஆறு வருடம் முன்னால் நடந்தது. முன்வீட்டில் கோட்டு அண்ணனும் அவர் மனைவியும். பின்வீட்டில் அவர் தங்கையும், தங்கையின் கணவரும். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோட்டு அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தங்கைக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, நாலு வயது. பாப்பா என்றுதான் இரண்டு வீட்டிலும் கூப்பிடுவார்கள். சாப்பிடுவது ஒரு வீட்டில், தூங்குவது ஒரு வீட்டில் என்று வளர்ந்த குழந்தை. இந்தக் காரை அவர் ஓட்டை உடைசலாக வாங்கி, மாதக்கணக்கில் உழைத்து, தன் கையாலேயே சிவப்படித்திருந்தார். பாப்பா அதைத் தக்காளி வண்டி என்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். வண்டியை எடுத்தார். கண்ணாடி இரண்டிலும் பார்த்துவிட்டுத்தான் பின்னால் எடுத்தார். வண்டி எதிலோ ஏறி இறங்கியது. சக்கரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுக்க மறந்துவிட்டோம் என்று நினைத்தாராம். இறங்கிப் போய்ப் பார்த்தார்.

வாத்தியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். எதிரே வந்த ஏதோ ஒரு வண்டியை மறித்து ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. போலீஸ் வந்தது. தெரியாமல் நடந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று வாத்தியாரே எழுதிக் கொடுத்தார். குளித்துக்கொண்டிருந்தேன், குழந்தை எப்போது வெளியே போனாள் என்று தெரியாது என்று தங்கை சொன்னாள். சில மாதம் கழித்துப் போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, இழுத்துவந்தவர்கள் அதைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. தங்கை அன்றோடு அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வெளியே போக வேண்டுமானால் அந்த வண்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

"வித்துத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன் முதலாளியிடம்.

"அவர் சம்சாரம் சொல்லிப் பாக்காத நாளில்ல. இருக்கட்டும்ங்கறார். கண்ணு முன்னாடியே இருக்கட்டுமாம்."

மறுநாள் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கென்ன தெரியும், விடு" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கதவைத் தடவிப் பார்த்து, "இதுல ஏரி இல்ல, குட்டைதான்" என்றார். அவ்வளவுதான்.

அப்படியே இன்னும் ஐந்து வருடம் ஓடியது. வண்டி வெளுத்துக்கொண்டே போனது. ஒரு நாள் காலை, பட்டறைக்கு வந்தவர் பனியன்கூட மாற்றாமல் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"தங்கச்சி பேசுனா" என்றார்.

முற்றத்துக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாராம். பின்னாலிருந்து "அண்ணே" என்று குரல் கேட்டிருக்கிறது. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பாமலே இருந்திருக்கிறார். இரண்டாவது தடவை கேட்டதும்தான் திரும்பினார். துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவரைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தபடி கேட்டாளாம்.

"அந்த வண்டி ஓடுமா?"

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

வாத்தியாருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குப் படுக்கை கொடுப்பார்கள். பத்து நிமிடம் தாமதித்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த நேரத்துக்கு வாடகை வண்டி வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போய், ஒரு தடவை முறை தவறி, அவருக்கு மூச்சிரைத்து உயிர் போய் வந்திருக்கிறது.

"ஓட வைக்கிறேன்னு சொன்னேன்" என்றார் கோட்டு அண்ணன். "கலரை மாத்திடுறேன், வெள்ளையோ நீலமோ, நீ என்ன சொல்றியோ அது அடிக்கிறேன்னு சொன்னேன். வேணாங்கறா. வேற கலர் அடிச்சா வேற வண்டி ஆயிடுமான்னு கேக்குறா. பாப்பா பாத்த மாதிரியே இருக்கட்டும், ஆனா இப்படி செத்த மாதிரி நிக்கவேணாம்ங்கறா."

"அப்ப புதுசா அதே சிவப்படிச்சிடலாம்ணே."

அவர் தலையை ஆட்டினார். "இல்லப்பா. உள்ள பழைய சிவப்பு இருக்கு. அதையே எடுக்கப் பாக்கிறேன்."

இஞ்சின் வேலையைப் பட்டறை மெக்கானிக் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுத்தார். டயர், பேட்டரி, பிரேக், எல்லாம் மாறின. முற்றத்தில் வைத்தே வண்டியை முன்னும் பின்னுமாகத் தள்ளித் திருப்பி, முகப்பு வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம். வண்டியின் மேலே கெட்டித் துணிப் பந்தல் ஒன்று கட்டினோம். சூடேறிய தகரத்தில் இந்த வேலை செய்யக் கூடாது. பெயிண்ட் வேலைக்கு மட்டும் அவர் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளியிடம் இரண்டு வாரம் லீவு கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் அவர் கேட்ட முதல் லீவு என்று முதலாளி சொன்னார்.

நான் சாயங்காலங்களில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் நாள் முழுக்கக் கழுவினார். பிசின், பறவை எச்சம், காற்றில் வந்து பதிந்த இரும்புத் தூள், எல்லாவற்றையும் களிமண் மாதிரியான ஒரு கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தார். அப்புறம் எண்ணெய்ப் பசையான ஒரு பாலிஷைக் கையாலேயே தடவி ஒரு நாள் ஊறவிட்டார். பழைய பெயிண்ட் வெயிலில் எண்ணெய் வற்றிக் காய்ந்திருக்கும். அப்படியே மெஷினை வைத்தால் மாவாக உதிர்ந்துவிடும் என்றார். காய்ந்த தோலுக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரிதான் செய்துகொண்டிருந்தார். பானெட்டின் ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, முதலில் சோதித்துப் பார்த்தார். காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையை வைத்து மெஷினை மெதுவாக ஓட்டினார். வெள்ளைக் கம்பளி வட்டு சிவந்துபோனது. அவர் அதைக் கழற்றி வாளித் தண்ணீரில் அலசினார். தண்ணீரும் சிவந்தது.

துடைத்ததும் அந்த இடத்தில் நிறம் இருந்தது. சுற்றிலும் வெளுத்த சுண்ணாம்புக்கு நடுவே ஈரமான, ஆழமான சிவப்பு.

"உள்ள இருக்குதுன்னு சொன்னேன்ல" என்றார். அதில் சந்தோஷம் இல்லை. தேடிப் போன இடத்தில் தேடினது கிடைத்துவிட்டதே என்கிற மாதிரியான குரல்.

அந்தக் காலத்துப் பெயிண்ட். மேலே கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது. நிறமேதான் மேல்தோலும். தேய்க்கத் தேய்க்க அதுதான் குறையும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கைக்குத்தான் தெரியவேண்டும். விளிம்புகளில் எல்லாம் டேப் ஒட்டிவிட்டு, ஒரு சாண், ஒரு சாணாக நகர்ந்தார். பானெட்டுக்கு இரண்டு நாள். கூரைக்கு மூன்று நாள். அங்கேதான் வெயில் ரொம்பத் தின்றிருந்தது. இரண்டு இடத்தில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கையால் தேய்த்தார், மெஷினை நம்பவில்லை. வெயில் படும் பக்கத்துக் கதவுகள், பிறகு சுவர்ப் பக்கத்துக் கதவுகள். தினமும் நான் போகும்போது வண்டியில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கி நகர்ந்திருக்கும். கடைசியில் பின்பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. டிக்கியின் மூடியும் அதற்குக் கீழே உள்ள தகரமும். அதை அவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஒரு மழை நாளில், பெயிண்ட் காயாமல் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒரே மூச்சில் அவராகச் சொன்னார்.

அன்றைக்கு அவர் டிக்கியின் மேல் எண்ணெய் தடவி முடித்து, மெஷினைக் கையில் எடுத்தார். தங்கை பின்வீட்டிலிருந்து வந்தாள். கையில் ஒரு பழைய துண்டு.

"நானும் தொடைக்கிறேன்" என்றாள்.

"நீ போம்மா. இத நான் பாத்துக்கிறேன்."

அவள் போகவில்லை. டிக்கியின் மேல் துண்டை வைத்து ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அண்ணே. அன்னிக்கு அவ தானா வரல."

அவருக்குப் புரியவில்லை.

"நான்தான் அனுப்புனேன். நான் குளிச்சிட்டு இருக்கல. துணி காயப் போட்டுட்டு இருந்தேன். மாமா கடைக்குக் கிளம்புறாரு, ஓடிப்போய் துணிக் கிளிப்பு ஒரு டஜன் வாங்கிட்டு வரச் சொல்லுன்னு சொன்னேன். சீக்கிரம் ஓடுன்னு சொன்னேன். அவ ஓடுனா."

அவர் மெஷினைத் தரையில் வைத்தார்.

"நீ என்ன பாக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனப்பல்லாம்…" என்று ஆரம்பித்து அவரால் முடிக்க முடியவில்லை.

"உன் மேல கோவத்துல இல்லண்ணே. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு இது வாயில வந்துடும். அதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

அவர் தலைக்குள் என்னவோ கொதித்துக்கொண்டு வந்தது என்றார். பதினோரு வருடம் இந்த முற்றத்தில் குனிந்த தலை நிமிராமல் நடந்தது, ஒரு வீட்டுக் குழந்தையையும் தூக்காமல் இருந்தது, வண்டிச் சாவியைக் கையால் தொடாமல் இருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தன. வண்டியை ஓட்டியது அவர்தான், அது மாறப்போவதில்லை. அது அவருக்கே தெரியும். ஆனாலும் பாதிச் சுமைக்கு வேறு ஒரு தோள் பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறது, அது வாயைத் திறக்கவே இல்லை என்கிற எண்ணம் அவரைச் சுட்டது.

"அவருக்குத் தெரியாது" என்றாள் தங்கை, கணவர் படுத்திருந்த பின்வீட்டைப் பார்த்து. "தெரியவும் வேணாம். இனிமே இதத் தாங்க அவரு ஒடம்புல தெம்பில்ல."

கோட்டு அண்ணன் மெஷினை எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். அழுத்தினார். நகர்த்த மறந்து ஒரே இடத்தில் அழுத்தினார். டேப் கிழிந்து பறந்தது. டிக்கி மூடியின் விளிம்பில் சிவப்பு போய்ச் அடிப்பூச்சான சாம்பல் நிறப் பிரைமர் வந்தது; அதுவும் போய்த் தகரம் பளிச்சென்று தெரிந்தது. விரல் நீளத்துக்கு எரித்துவிட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் கையில் அதுவரை ஒரு விளிம்புகூட எரிந்ததில்லை. மறுநாள் பட்டறைக்கு வந்து அவர் சிவப்புக் கலந்துகொண்டிருந்தபோது, எதற்கு என்று கேட்டேன். "கை தப்பிடுச்சு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் தங்கையோடு பேசவில்லை. அவள் "அண்ணே" என்று கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விடுவார். மூன்று நாள் பார்த்துவிட்டு அவர் மனைவி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் தடாலென்று வைத்தார்.

"இத்தன வருஷம் அவ பேசல. இப்ப நீங்களா? இந்த வீட்டுல ஊமையா இருக்கறதுக்கு முறை போட்டு வச்சிருக்கீங்களா ரெண்டு பேரும்? எனக்கு எப்ப முறை வருதுன்னு சொல்லிடுங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் மனைவியிடமும் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை வாத்தியாரின் டயாலிசிஸ் முறை. நாலே முக்காலுக்கே எழுந்து, பனியை வண்டியிலிருந்து துடைத்துவைத்தார்.

முதல் இரண்டு நாள் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூன்றாவது தடவை நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். கைகள் ஸ்டீயரிங்கின் மேல். நான் வந்ததை அவர் பார்த்தார், இறங்கவில்லை. நான் கதவைத் திறக்காமல் ஜன்னலருகே நின்றேன். "நீ வீட்டுக்குப் போ" என்றார். கிளம்புவதற்கு முன் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலிட்டு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார். வாத்தியார் பின் இருக்கையில் காத்துக்கொண்டிருந்தார். அவர் வாட்ச்சைப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் தெருவிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, யாரையாவது கூட நிற்கவைத்து, தள்ளித்தான் வண்டியை உள்ளே விடுவார். அந்தப் பழக்கம் மாறவே இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள் என்று மாதங்கள் போயின. போகும்போது வாத்தியார் ஓரளவு பேசுவார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள்களில் பார்த்த அபத்தங்களைச் சொல்லி, சிரிக்க முயற்சி செய்து, இருமுவார். வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பார். கோட்டு அண்ணன் இறங்கிக் கதவைத் திறந்து கையை நீட்டுவார். வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

பத்து மாதம் இருக்கும். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து, தங்கை மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வாத்தியாரும் அவரும் மட்டும் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், வண்டிக்குள்.

"மச்சான்" என்றார் வாத்தியார். "அவ உங்ககிட்ட திரும்பப் பேச ஆரம்பிச்சது, இந்த வண்டிக்காக மட்டும்தானா?"

"ஆமா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது என்று கோட்டு அண்ணன் என்னிடம் சொன்னார். நாலே வார்த்தை. சொல்லிவிட்டால் இந்த மனுஷன் தன்னைப் பார்க்கிற பார்வை அந்த நிமிடமே கொஞ்சம் மாறும்.

"இல்ல மச்சான். ஒண்ணும் சொல்லல."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று இவர் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடிய கண்ணோடே சொன்னார்: "நான் உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எழுதிக் குடுத்தது வேற. மனசார மன்னிக்கப் பாத்தேன், பல தடவை பாத்தேன். வரல. பொய் சொல்லக் கூடாதுல்ல. ஆனா நீங்க கை நீட்டும்போது பிடிச்சிக்கிறேனே, அதுல நடிப்பில்ல. அதையும் தெரிஞ்சிக்குங்க."

"சரி மச்சான்" என்றார் இவர்.

தங்கை மருந்துப் பையோடு வந்து ஏறினாள். "என்ன ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். "வெயில் ஏறிடுச்சு, கிளம்பலாம்னு பேசிட்டு இருந்தோம்" என்றார் வாத்தியார்.

இதை என்னிடம் சொல்லும்போது கோட்டு அண்ணன் அழவில்லை. பெயிண்ட் கலக்கும் குச்சியால் காலி டப்பாவின் அடியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "நான் நல்லவன்னு நினைக்காத" என்றார். "சொல்லணும்னுதான் வாய் வந்துச்சு. அவரு கழுத்துல டயாலிசிஸ் குழாய் சொருவுன எடத்துல பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு, ஒரு ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. அதப் பாத்துட்டே இருந்தேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கிட்டேன்."

பதினாறாவது மாதம் வாத்தியார் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். இரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. முற்பகல் நேரம். கோட்டு அண்ணன் வழக்கம்போல வாகன நிறுத்தத்தில், கூரையில் விழுந்திருந்த எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். தங்கை வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது அவர் வாத்தியாரின் கால்மாட்டில், சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள், முற்றத்தில் வண்டிக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். தங்கை வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட நீ சொல்லலியே?"

"இல்ல."

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"நான்தான் சொல்லியிருக்கணும்" என்றாள். "கடைசி மாசமெல்லாம் தினம் நெனப்பேன். நாளைக்கு, நாளைக்குன்னு."

அவர் மெழுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனதுக்குள் அவள் மேல் இருந்த கோபம் அப்போதும் முழுதாகப் போயிருக்கவில்லை. அவள் தோளில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. கையெல்லாம் மெழுகாக இருந்தது. துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

இப்போது அவருக்கு அறுபதாகிறது. மணிக்கட்டில் வலி, பெரிய வேலைகளை வேறு ஆட்கள் செய்கிறார்கள். வண்டி இன்னும் அதே முற்றத்தில்தான் நிற்கிறது. வாரத்தில் ஒரு நாள் எடுத்துத் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வருகிறார். பந்தல் கிழிந்துபோய்விட்டது. கூரையில் மறுபடியும் வெளுப்பு தட்ட ஆரம்பித்திருக்கிறது. இதற்குமேல் தேய்க்க அங்கே பெயிண்ட் மிச்சமில்லை, மெழுகு போட்டு ஓட்டவேண்டியதுதான் என்கிறார்.

போன மாதம் நான் அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டில் இல்லை. தங்கை பின்வீட்டைப் பூட்டிவிட்டு முன்வீட்டிலேயே வந்து தங்கியிருந்தாள். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் மனைவி எனக்கு டீ கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணனும் தங்கச்சியும் இப்ப நல்லாப் பேசிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"பேசுறாங்க, பேசுறாங்க" என்றார் அவர். "தண்ணி வந்துச்சாம்பாங்க. கரண்ட் எப்ப போச்சும்பாங்க. ஒரு வார்த்தை அதிகமாப் போயிடாம பாத்துக்குவாங்க. இவரு தட்டுல சோறு கொறஞ்சா அவ எழுந்து போய்ப் போடுறா. அவளுக்கு ஊசியில நூல் கோக்க வரலன்னா இவரு கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் கோத்துத் தராரு. நடுவுல என்ன இருக்குன்னு என்கிட்ட ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நானும் கேக்கறதில்ல."

டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார்.